பெயர் நிற்கப் போற்றுவோம் – தென்சென்னைப் புறநகரும் பெண்டிர் பணியும்

செய்ந்நன்றி போற்றுதல் தமிழர்தம் தொன்மைப் பண்புகளுள் ஒன்று. அரசர் புலவரைப் போற்றினர். புலவர் அரசரைப் பாடினர். ஊருக்காக உயிர் நீத்தோர்க்கு ஊரார் கல் நட்டனர். அந்நெடிய மரபில் பெண்பாற் புலவர் ஒருவர் பெற்ற சிறப்பினை நினைந்து இக்கட்டுரையைத் தொடங்குவது பொருத்தமாகும்.

பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார். பாட்டுடைத் தலைவன் ஆடுகோட்பாட்டுச் சேரலாதன். அணிகலன் செய்துகொள்ளுமாறு ஒன்பது கா பொன்னையும் நூறாயிரம் காணத்தையும் அவருக்கு வழங்கி, அவன் தன் அருகிலேயே அவரை இருத்திக்கொண்டான் என்று அப்பத்தின் பதிகம் தெரிவிக்கிறது. அந்தப் பொன் இன்று எங்கே? காணம் எங்கே? இரண்டும் காலத்தில் கரைந்துபோயின. எனினும் மூன்று மட்டும் எஞ்சி நிற்கின்றன. அவர் பெயர் நிற்கிறது. அவர் செய்த பணியாகிய பாடல் நிற்கிறது. அவர் சிறப்பிக்கப்பெற்றார் என்னும் பதிவு நிற்கிறது. காக்கையைப் பாடிய சிறப்பால் அவர் பெயரே அவர்தம் பாட்டை நினைவூட்டுவதாக அமைந்தது என்பதும் எண்ணி மகிழத்தக்கது.

பெயர், பணி, பதிவு ஆகிய இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு, நம் காலத்துப் பாராட்டு விழாக்களைச் சற்றே அளந்து பார்ப்பதுதான் நம் நோக்கம்.

இன்று ஆண்டுதோறும் மார்ச் 8 ஆம் நாள் உலக மகளிர் நாள் கொண்டாடப்படுகிறது. தமிழ்நாட்டு அரசு 2012 முதல் ஔவையார் விருது வழங்கிப் பெண்மணிகளைச் சிறப்பிக்கிறது. கல்லூரிகள், நகர் நலச் சங்கங்கள், ஜமாஅத்துகள், அரிமா சங்கங்கள் எனப் பலவும் தத்தம் அளவில் விழா எடுக்கின்றன. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், வண்டலூர் ஆகிய நம் வட்டாரத்திலும் இத்தகைய விழாக்களுக்குக் குறைவில்லை. பொன்னாடை போர்த்துகிறோம், நினைவுப் பரிசு வழங்குகிறோம், நிழற்படம் எடுத்துக்கொள்கிறோம். இவை வேண்டாதவை என்று நாம் சொல்லவரவில்லை. ஆயினும் ஓராண்டு கழிந்த பின்னர், அம்மேடையில் நின்ற பெண்மணி யார், அவர் என்ன செய்தார் என்று கேட்டால், விழா எடுத்த நமக்கே விடை சொல்லத் தெரிகிறதா? இவ்வினா நம் நெஞ்சைச் சுடுகிறது.

பல்லாவரத்தில் பிறந்த ஒரு வினா

நம் வட்டாரத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மறைமலையடிகள் 1911 இல் பல்லாவரத்தில் குடியேறி வாழ்ந்தார். அவர்தம் மகளார் நீலாம்பிகை அம்மையார் 1903 இல் பிறந்தவர். 1916 ஆம் ஆண்டில் ஒருநாள் தந்தையும் மகளும் வள்ளலார் பாடல் ஒன்றைப் பாடி மகிழ்ந்திருந்தபோது, அதில் வரும் ‘தேகம்’ என்னும் சொல்லுக்கு மாற்றாக ‘யாக்கை’ என்னும் தமிழ்ச்சொல் அமைந்திருப்பின் பாட்டின் இனிமை மிகுந்திருக்குமே என்றார் அடிகள். அவ்வாறாயின் நாம் ஏன் தூய தமிழிலேயே பேசியும் எழுதியும் வருதல் கூடாது என்னும் எண்ணம் பதின்மூன்று வயது மகளிடம் முளைத்தது. தனித்தமிழ் இயக்கத்தின் பிறப்பைப் பற்றி வழங்கும் வரலாறு இதுவே. வேதாசலம் என்னும் பெயர் மறைமலையாக மாறியதும் இதன் விளைவேயாகும்.

அம்மையார் வினாவோடு நின்றுவிடவில்லை. ‘தனித்தமிழ்க் கட்டுரைகள்’ எழுதினார். வடசொற்களுக்கு நேரான தமிழ்ச்சொற்களைத் தேடித் தொகுத்து அகரவரிசை நூலாக்கினார். அவர்தம் பிற நூல்களின் தலைப்புகளைப் பாருங்கள்: ‘முப்பெண்மணிகள் வரலாறு’, ‘மேனாட்டுப் பெண்மணிகள்’. பெண்களைப் போற்றுவதற்கு அவர் தேர்ந்த வழி அவர்தம் வாழ்க்கையை எழுதி வைப்பதாகவே இருந்தது. மேடை கலைந்துவிடும், ஆனால் நூல் நிற்கும் என்பதை அவர் தம் செயலால் நமக்கு உணர்த்தியிருக்கிறார்.

1938 நவம்பர் 13 ஆம் நாள் சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியபோது அதற்குத் தலைமை தாங்கியவரும் நீலாம்பிகை அம்மையாரே. ஈ.வெ.இராமசாமி அவர்களுக்குப் ‘பெரியார்’ என்னும் பட்டம் வழங்கித் தீர்மானம் நிறைவேற்றியது இம்மாநாடுதான். அப்பட்டம் எட்டுத் திக்கும் பரவி, இயற்பெயரையே மறைக்கும் அளவுக்கு நிலைத்துவிட்டது. பெண்கள் கூடி ஓர் ஆணைப் போற்றிய பட்டம் இன்றளவும் நிற்கிறது. பட்டம் வழங்கிய அவையின் தலைவியை, அவர் வாழ்ந்த பல்லாவரத்திலேயே எத்தனை பேர் அறிவர்? நாற்பதை ஒட்டிய அகவையிலேயே அவர் மறைந்தார். தந்தையாரின் பெயரால் பல்லாவரம் பெருமை கொள்கிறது. மகளாரின் பெயரும் அதற்கு இணையாக ஒலிக்க வேண்டும்.

அடையாற்றில் ஏற்றிய விளக்கு

பல்லாவரத்திலிருந்து வடகிழக்கே அடையாற்றை நோக்கிச் சென்றால், இருவேறு தலைமுறைப் பெண்மணிகள் ஒரே பணியைத் தொடர்ந்து செய்த இடம் ஒன்றைக் காணலாம். அதுவே அடையாறு புற்றுநோய் மருத்துவமனை.

புதுக்கோட்டையில் 1886 இல் பிறந்து, 1912 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1927 இல் சென்னைச் சட்டமன்ற மேலவை உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் எடுத்த முயற்சி 1947 இல் சட்டமாக முழுமை பெற்றது. அம்முறையிலிருந்து தப்பிவந்த சிறுமியர் தங்க இடமின்றி அவர் வீட்டுக் கதவைத் தட்டியபோது, அவர்களுக்காக 1930 இல் ஔவை இல்லத்தைத் தொடங்கினார். பின்னர் அது அடையாற்றில் நிலைபெற்றது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரை அவர் மறக்கவில்லை. அத்துயரே 1954 இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனையாக உருவெடுத்தது.

அடுத்த ஆண்டில் அங்கு வந்து சேர்ந்தார் டாக்டர் வி.சாந்தா. அரசு மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவராகப் பணியாற்றும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியிருந்தது. அதனைத் துறந்து, மருந்தும் நம்பிக்கையும் அரிதாயிருந்த ஒரு நோயின் பக்கம் அவர் திரும்பினார். மருத்துவமனை வளாகத்திலேயே தங்கி, 2021 சனவரி 19 அன்று மறையும் வரை அறுபத்தைந்து ஆண்டுகள் அவர் பணியாற்றினார். 2005 இல் மகசேசே விருது, 2016 இல் பத்மவிபூஷண் எனப் பல சிறப்புகள் அவரைத் தேடி வந்தன.

முத்துலட்சுமி அம்மையாருக்கு 1956 இல் பத்மபூஷண் வழங்கப்பெற்றது. அவருக்குக் கிட்டிய தலையாய சிறப்பு அதுவன்று. அவர் தொடங்கிய பணியை ஏற்று நடத்த அவர்தம் மகனார் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் கிடைத்தார்களே, அதுவேயாகும். ஒருவரைப் போற்றுதல் என்பதன் நிறைவான பொருள் அவர் பணியைத் தொடர்தல். இதனை அடையாறு நமக்குக் கற்பிக்கிறது.

ஒரே கண்டுபிடிப்பு, இரு பெயர்கள்

பணி நிற்க, பெயர் மறைந்துபோவதும் உண்டு. இதற்கும் நம் வட்டாரத்தோடு தொடர்புடைய சான்று ஒன்று இருக்கிறது.

1985 ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்றுகொண்டிருந்தவர் செல்லப்பன் நிர்மலா. அவருக்கு அப்போது அகவை முப்பத்திரண்டு. எய்ட்ஸ் நோய்க்குரிய கிருமி தமிழகத்தில் உள்ளதா என்று ஆராயுமாறு அவர்தம் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன் பணித்தார். அந்நோயைப் பற்றிப் பேசவே பலரும் கூசிய காலம் அது. நிர்மலா தயங்கினார், கணவர் ஊக்கம் தந்து துணை நின்றார். உரிய பாதுகாப்புக் கருவிகள் இல்லாத நிலையில், பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண்களிடமிருந்து எண்பதுக்கும் மேற்பட்ட குருதி மாதிரிகளைத் திரட்டி, வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காத்தார். 1986 பிப்ரவரியில் அவற்றை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுசென்று சோதித்தபோது, ஆறு மாதிரிகளில் கிருமியின் அடையாளம் தென்பட்டது. இந்தியாவில் அக்கிருமி இருப்பது முதன்முதலாகத் தெரிய வந்தது இவ்வாறுதான்.

சுனிதி சாலமன் 1993 இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் அமைப்பைத் தொடங்கி, அந்நோயாளிகளுக்காகவே வாழ்ந்து 2015 இல் மறைந்தார். மறைந்த பின்னர் 2017 இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பெற்றது. நிர்மலா தம் ஆய்வேட்டை முடித்துக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் பணியாற்றி 2010 இல் ஓய்வு பெற்றார். முப்பதாண்டுகள் கழித்து ஒரு செய்தி நிறுவனம் அவரைத் தேடிச்சென்று எழுதிய பின்னரே அவர் பெயர் பரவலாக வெளிப்பட்டது. ஆசிரியர் வழிகாட்டினார், மாணவி நடந்தார். இருவரையும் சேர்த்து நினைப்பதே நேர்மையாகும்.

இங்கே தாம்பரம் சானடோரியத்தையும் நினைக்க வேண்டும். டாக்டர் சௌரிமுத்து அவர்கள் 1928 இல் காசநோயாளிகளுக்காக நிறுவிய இம்மருத்துவமனை 1937 இல் அரசின் கைக்கு வந்தது. அதன் பெயரையே தொடர்வண்டி நிலையமும் தாங்கி நிற்கிறது. 1990 களில் எய்ட்ஸ் நோயாளிகளை உற்றாரும் ஒதுக்கிய காலத்தில் அவர்களை ஏற்றுப் பேணிய பெரும் மருத்துவமனை இது. அந்நோயாளிகளைத் தொட்டு, துடைத்து, மருந்தூட்டிய செவிலியரும் துப்புரவுப் பணிப்பெண்களும் எத்தனையோ பேர். அவர்களுள் பலர் நம் தெருக்களிலேயே குடியிருப்பவர்கள். அவர்களில் ஒருவர் பெயரையேனும் நாம் அறிவோமா?

படிவத்தில் வாழும் பெயர்கள்

பெயர் மட்டும் நின்று, பணி மறக்கப்படுவது மற்றொரு குறை. கருவுற்ற ஏழைத் தாய் ஒருத்தி அரசு மருத்துவமனையில் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கிறாள். அத்திட்டம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைத் தாங்கியது. கைம்பெண் மறுமணத்திற்கான உதவித் திட்டம் டாக்டர் தருமாம்பாள் அம்மையார் பெயரால் வழங்குகிறது. ஏழைப் பெண்களின் திருமணத்திற்கென இருந்து, 2022 இல் உயர்கல்வி உதவித் திட்டமாக மாற்றப்பெற்றது மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலானது. தருமாம்பாளும் இராமாமிர்தமும் 1938 பெண்கள் மாநாட்டை முன்னின்று நடத்தி, மறுநாளே இந்தித் திணிப்பை எதிர்த்து மறியல் செய்து சிறை புகுந்தவர்கள்.

அரசு இப்பெயர்களைச் சூட்டியது பாராட்டுக்குரியது. ஆனால் படிவத்தை நிரப்பும் பெண்ணுக்கும், அதை வாங்கி முத்திரை இடும் எழுத்தருக்கும், அருகில் நிற்கும் கல்லூரி மாணவிக்கும் அப்பெயருடையார் யாரென்று தெரிந்திருக்க வேண்டாவா? கதையின்றிப் பெயர் மட்டும் நிற்குமாயின் அது தபால் முகவரியாகவே சுருங்கிவிடும்.

நாகூரிலிருந்து ஒரு நூல்

நம் சமுதாயத்துப் பெரியோர்கள் கருத்தில் கொள்ள வேண்டிய சான்று ஒன்றும் உண்டு. பெண்கள் மாநாடு கூடிய அதே 1938 இல், நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் ‘காதலா? கடமையா?’ என்னும் புதினத்தை வெளியிட்டார். அவர் பள்ளியில் பயின்றது மூன்றாம் வகுப்பு வரைதான். எனினும் அப்புதினத்திற்கு டாக்டர் உ.வே.சாமிநாதையர் முன்னுரை வழங்கினார். முதிர்ந்த தமிழறிஞர் ஒருவர், இருபத்தொரு வயது இசுலாமியப் பெண்ணின் எழுத்தைப் படித்து, மதித்து, தம் கைப்பட எழுதிய அம்முன்னுரையே அவருக்குக் கிட்டிய தலைசிறந்த பாராட்டு. பொன்னாடை எதுவும் அதற்கு ஈடாகாது. நூலோடு சேர்ந்து அப்பாராட்டும் நிற்கிறது.

இந்திய உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக 1989 இல் அமர்ந்த எம்.ஃபாத்திமா பீவி, 1997 முதல் 2001 வரை தமிழக ஆளுநராகக் கிண்டி ஆளுநர் மாளிகையில் நம் அண்டையிலேயே வாழ்ந்தவர். 2023 நவம்பரில் அவர் மறைந்தார். 2024 இல் பத்மபூஷண் அறிவிக்கப்பெற்றது. சுனிதி சாலமனுக்கும் ஃபாத்திமா பீவிக்கும் இச்சிறப்புகள் மறைவுக்குப் பின்னரே வந்தன. போற்ற வேண்டியவரை வாழும் நாளிலேயே போற்றுதல் நலம். கேட்டு மகிழ அவர் இருக்க வேண்டும் என்பது மட்டும் காரணமன்று. தம் பணியைப் பற்றித் தாமே சொல்ல அவர் இருக்க வேண்டும் என்பதும் காரணம்.

மேடைக்கு வராத பெண்கள்

இதுவரை கூறிய பெண்மணிகள் நாடறிந்தவர்கள். இவர்களைப் போன்றோர் மட்டுமே பாராட்டுக்குரியவர்கள் என்று எண்ணிவிடல் ஆகாது. 2015 டிசம்பர் பெருவெள்ளத்தில் அடையாறு கரைபுரண்டு முடிச்சூரும் வரதராசபுரமும் மேற்குத் தாம்பரத்தின் பகுதிகளும் நீரில் மூழ்கின. பள்ளிவாசல்களும் ஆலயங்களும் திருமணக் கூடங்களும் சமயம் பாராது அடைக்கலம் தந்தன. அங்கே நள்ளிரவிலும் அடுப்பெரிய நின்று சோறாக்கியவர்களுள், பச்சிளங் குழந்தைகளுக்குப் பால் காய்ச்சியவர்களுள், உடுத்த உடை கொணர்ந்தவர்களுள் பெண்கள் எத்துணைப் பேர்! வெள்ளம் வடிந்தது, அவர்களும் தத்தம் வீடுகளுக்குத் திரும்பிவிட்டனர்.

பொதுவாழ்விலும் வழி திறந்திருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளில் மகளிர்க்கு மூன்றில் ஒரு பங்கு இடம் அரசியலமைப்புத் திருத்தங்களால் 1993 இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 2016 இல் அது பாதியாக உயர்ந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. அதன் முதல் மேயராக 2022 மார்ச்சு மாதத்தில் பொறுப்பேற்றவர் இருபத்தைந்து வயது நிரம்பிய வசந்தகுமாரி கமலக்கண்ணன். நீலாம்பிகையார் வாழ்ந்த பல்லாவரத்தையும் உள்ளடக்கிய ஒரு மாநகரின் முதல் தலைமை இருக்கையில் இளம்பெண் ஒருவர் அமர்ந்தார் என்பது வரலாற்றில் பதியத்தக்கது.

நாம் செய்யத்தக்கன

இனி, நம் கல்லூரியும் நம் ஊராரும் செய்யத்தக்கவற்றைத் தொகுத்துரைப்போம்.

முதலாவது, பாராட்டப்பெறுபவரை அவர் பெயராலேயே அழைத்தல். அழைப்பிதழ்களில் ‘இன்னாரின் துணைவியார்’, ‘இன்னாரின் தாயார்’ என்று மட்டும் அச்சிடும் வழக்கம் இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. உறவு பெருமைக்குரியதே, ஆனால் அது பெயருக்கு அடுத்து வரட்டும்.

இரண்டாவது, விழாவுக்கு முன்னரே அவர்தம் பணியை எழுதி வைத்தல். மாணவர் இருவர் சென்று, அவர் என்ன செய்தார், எப்போது தொடங்கினார், எவை தடையாயின, யார் துணை நின்றனர் என்னும் நான்கு வினாக்களைக் கேட்டு வரட்டும். ஆண்டுகளையும் இடங்களையும் சரிபார்த்து நான்கு பக்கங்களில் எழுதட்டும். எழுதியதை அவரிடமே படித்துக் காட்டி, அவர் ஒப்பிய பின் நூலகத்தில் வைக்கட்டும். ஆண்டுக்குப் பத்துப் பேர் வீதம் எழுதினால், பத்தாண்டுகளில் நூறு பெண்மணிகளின் வரலாறு நம் வட்டாரத்திற்குக் கிடைத்துவிடும். தமிழ்த்துறைக்கு இதனினும் தகுந்த களப்பணி வேறு உண்டோ?

மூன்றாவது, அவர்தம் விருப்பத்தை அறிதல். மேடை ஏறுவதை விரும்பாத பெண்மணிகள் உண்டு. நிழற்படம் வேண்டாம் என்பாரும் உண்டு. அவர்களை வற்புறுத்துவது சிறப்புச் செய்வதாகாது. வீடு தேடிச்சென்று நன்றி கூறலாம். எழுத்தில் மட்டும் போற்றலாம். மேடையை விரும்பவில்லை என்பதற்காக அவர் பணியையே விட்டுவிடுதல் தகாது.

நான்காவது, பணியைத் தொடர்தல். மாலையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் பெண்மணிக்குப் பொன்னாடையினும் பயன்படுவது ஒரு கரும்பலகையும் உதவிக்கு இரு மாணவரும் ஆகும். நோயாளிகளுக்குத் துணை செல்பவருக்குப் போக்குவரத்துச் செலவு பயன்படும். என்ன வேண்டும் என்று அவரையே கேட்டால் அவரே சொல்லிவிடுவார்.

சமுதாயப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. இன்று நாம் போற்றும் பெண்மணிகள் அனைவர்க்கும் பின்னால், படிக்கவும் பணியாற்றவும் வழிவிட்ட ஒரு வீடு இருந்தது. புதுக்கோட்டையில் ஒரு தந்தை மகளைக் கல்லூரிக்கு அனுப்பினார். பல்லாவரத்தில் ஒரு தந்தை மகளின் எண்ணத்தை ஏற்றார். சென்னையில் ஒரு கணவர் ஆய்வுக்குத் துணை நின்றார். நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்கள் 1955 இல் தேனாம்பேட்டையில் மகளிர் கல்லூரியை நிறுவியதும், 1968 இல் குரோம்பேட்டையில் வைணவ மகளிர் கல்லூரி தோன்றியதும், பெண்மக்கள் வீட்டிலிருந்தே கல்லூரிக்குச் சென்று திரும்ப வழிசெய்தன. நாளை போற்றப்பட வேண்டிய பெண்கள் இன்று நம் வீடுகளில் மாணவியராக இருக்கின்றனர். அவர்களுக்கு வழிவிடுதலே நாம் முன்கூட்டிச் செய்யும் பாராட்டு.

சேரன் கொடுத்த பொன் மறைந்து, நச்செள்ளையாரின் பெயர் நின்றது. யாரோ ஒருவர் அதனை எழுதி வைத்தார். வேறு சிலர் படியெடுத்துக் காத்தனர். நம் தெருவில், நம் மருத்துவமனையில், நம் பள்ளிக்கூடத்தில் அமைதியாக உழைக்கும் பெண்மணிகளின் பெயரை எழுதி வைக்கும் கடமை இப்போது நம்முடையது. ஏட்டைத் திறப்போம், முதல் பெயரை இன்றே எழுதுவோம்.